மாவுக்கட்டு போட்டால்தான் திருந்துவார்களா?

கேள்வி: ஜூன் 9, 2025

எங்கள் தெருவில் நாலு பையன்கள் பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி ரீல்ஸ் போட்டார்கள். மறுநாள் காலையில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. சாயங்காலம் வந்த போட்டோவில் இரண்டு பேருக்குக் கையில் மாவுக்கட்டு. கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டார்களாம். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். அதற்கப்புறம் தெருவில் சத்தமே இல்லை. கோர்ட்டு பத்து வருஷம் இழுத்தாலும் நடக்காதது ஒரே ராத்திரியில் நடந்ததா இல்லையா? இதில் என்ன தப்பு என்று மனித உரிமை பேசுகிறவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

ஜூன் 9, இரவு

நான் மனித உரிமைக்காரன் இல்லை. மாவுக்கட்டுக்காரன். தென் மாவட்டத்தில் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் கட்டுப் போடும் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சிரித்த மாதிரிக் கட்டுகள் நிறையப் போட்டிருக்கிறேன். சட்டம், நியாயம் எல்லாம் அப்புறம். முதலில் எலும்பைப் பேசுவோம்.

வழுக்கி விழுகிறவன் என்ன செய்வான்? கையை ஊன்றுவான். உள்ளங்கை தரையில் படும், உடம்பின் எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும். கட்டைவிரல் பக்கமாக ஓடுகிற ரேடியஸ் எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே உடையும். மழைக்காலத்தில் பாட்டிமார்கள் இப்படித்தான் வரிசையாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். இளவட்டங்களுக்கு எலும்பு கெட்டி. அவர்களுக்கு அதே விழுகையில் பெரும்பாலும் சுளுக்கு, மிஞ்சிப்போனால் மணிக்கட்டுக்குள் இருக்கும் சின்ன எலும்பில் விரிசல்.

மண்டையில் விழ வருகிற அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் நடப்பது வேறு. முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, அல்னா, நடுவாக்கில் உடையும். பக்கத்தில் இருக்கிற ரேடியஸ் முழுசாக இருக்கும். எக்ஸ்ரே பார்த்துப் பழகிய யாருக்கும் அது பார்த்த உடனே தெரிந்துவிடும். வெறுமனே கீழே விழுந்து அப்படி உடைவது அபூர்வம்.

நான் கட்டுப் போட்ட "வழுக்கி விழுந்த" கைகளில் எந்த எலும்பு அதிகம் உடைந்திருந்தது என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

ஜூன் 10

"எந்த எலும்பு உடைந்தால் என்ன, பொறுக்கிதானே" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நேற்று வழுக்கி விழுந்தார்கள் என்றீர்கள், இன்று அடித்தால் என்ன என்கிறீர்கள். ஒரே நாளில் நல்ல முன்னேற்றம்.

ஜூன் 10, சற்று நேரம் கழித்து

கழிவறை விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. குற்றம்சாட்டப்பட்டவர்கள் மட்டும் அங்கே வழுக்கி விழுகிறார்களே, அதே கழிவறைக்குப் போகிற போலீஸ்காரர்கள் ஏன் விழுவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே அண்மையில் ஒரு வழக்கில் கேட்டுவிட்டது. பொதுப்பணித் துறைக்காரர் யாராவது இங்கே இருந்தால் தரை ஓடு எந்தக் கம்பெனி என்று சொல்லவும். எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

ஜூன் 12

மருத்துவமனையில் யாருமே கேட்க மாட்டார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்பார்கள். கேட்டே ஆக வேண்டும். அடிபட்டு வருகிற யாராக இருந்தாலும் ஏ.ஆர். போட வேண்டும், அதாவது விபத்துப் பதிவேடு. எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது, கூட வந்தது யார், உடம்பில் எங்கெங்கே என்னென்ன காயம், எல்லாம் அதில் வரும்.

நடைமுறையில் என்ன ஆகும் என்றால், டூட்டி டாக்டர் அந்தப் பையனைப் பார்த்து "எப்படிடா ஆச்சு?" என்பார். பையன் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த ஏட்டு, "ஸ்டேஷன் பாத்ரூம்ல விழுந்துட்டான் சார்" என்பார். பையன் ஏட்டைப் பார்ப்பான். இந்த மருத்துவமனையை விட்டு வெளியே போனால் ஏட்டோடுதான் போக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். "ஆமா சார், விழுந்துட்டேன்." டாக்டர் "தவறி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது" என்று எழுதுவார். அந்தச் "சொல்லப்படுகிறது" இருக்கும்வரை டாக்டர் பேரில் பொய் இல்லை.

டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாளைக்கு ராத்திரி குடித்துவிட்டு ஒருவன் வார்டில் கலாட்டா செய்தால் அதே ஏட்டைத்தான் கூப்பிட வேண்டும். தாலுகா ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் வேண்டியவர்கள்.

இதற்கு நடுவிலும் ஒரு டாக்டரம்மா இருந்தார். போலீஸோடு வருகிற கேஸ் என்றால், "ஏட்டையா, எனக்கு ஒரு டீ சொல்லிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். டீக்கடை கேட்டுக்கு வெளியே. அந்த இடைவெளியில் திரையை இழுத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, தொடை, உள்ளங்கால் எல்லாம் பார்த்து எழுதிவிடுவார். உள்ளங்கால் முக்கியம். அங்கே அடித்தால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. வீங்காமல் இருக்க அடித்த கையோடு நடக்கவிடுவார்கள், குதிக்கவிடுவார்கள். அதற்கு லாடம் கட்டுவது என்று பெயர். ஏட்டையா டீயோடு வரும்போது எல்லாம் எழுதி முடிந்திருக்கும். அவர் கொண்டுவந்த டீ ஆறிப்போயிருக்கும் என்று அம்மா குடிக்கவும் மாட்டார்.

அவர் சீக்கிரமே மாற்றலாகிப் போனார். காரணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் பதவி உயர்வில்தான் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் சதி தேடினால் தூக்கம் வராது.

ஜூன் 14

"அடியாத மாடு படியாது" என்று ஒருவர், "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று இன்னொருவர். போட்டி போட்டு எழுதியிருக்கிறீர்கள். நன்றி. எங்கள் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரிடம் சொன்னது: "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க." அந்தக் காலத்தில் எல்லா அப்பாவும் இதைத்தான் சொன்னார்கள். வாத்தியாரும் குறை வைக்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. அதன் 17-ஆவது பிரிவு பள்ளியில் அடிக்கக் கூடாது என்கிறது. இப்போதும் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், "முன்ன மாதிரி நீங்க அடிக்கிறதில்லை சார், அதான் கெட்டுப்போறான்" என்று யாராவது ஒரு அம்மா சொல்லாமல் இருப்பதில்லை. என் மருமகள் ஆசிரியை, அவள் சொல்லித்தான் தெரியும்.

போலீஸ் எங்கேயோ வானத்திலிருந்து குதித்து நம்மை அடிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். வீட்டில் அப்பா, பள்ளியில் வாத்தியார், பட்டறையில் மேஸ்திரி, அப்புறம் ஸ்டேஷன். தியேட்டரில் லாக்கப் சீனுக்கு விசில் அடிக்கிறவன் தன் வாழ்நாளில் நாலு இடத்தில் அடி வாங்கியவன்தான். ஒரு தடவையாவது அடிக்கிற பக்கம் நிற்கிற சுகம் அது.

ஜூன் 14, இரவு

இல்லை, மேலே எழுதியதில் ஒரு பெரிய வித்தியாசம் அடிபட்டுப்போகிறது. அப்பா அடித்தால் அம்மா குறுக்கே வருவாள். வாத்தியார் அடித்தால் வீட்டுக்கு ஓடி வந்துவிடலாம். மேஸ்திரி அடித்தால் வேறு பட்டறை. ஸ்டேஷனில் கதவு பூட்டியிருக்கும், குறுக்கே வரக்கூடியவர்கள் எல்லாம் வெளியே நிற்பார்கள். அடியின் அளவை விட அதுதான் விஷயம்.

ஜூன் 17

"போலீஸுக்கு என்ன, அடிப்பதில் சந்தோஷமா?" என்ற கேள்விக்கு வருகிறேன். சிலருக்கு இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவர்களில் பலருக்கு அது வேலை. அலுப்போடு செய்கிற வேலை.

ஒரு எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர், எங்கள் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதை இங்கே எழுதுகிறேன். உள்ளே அவர் கூட்டிவந்த ஆளுக்கு மாவு காய்ந்துகொண்டிருந்தது. "நகை போச்சுன்னு ஒரு பெரிய மனுஷன் வந்தா எஃப்.ஐ.ஆர். போட்டேன்னு சொன்னா கேப்பாரா? எப்ப கிடைக்கும்னுதான் கேப்பாரு. அடுத்த மணி நேரத்துல மேல இருந்து போன். ரெக்கவரி என்னாச்சு, ரெக்கவரி என்னாச்சு. கைரேகைக்காரங்க மாவட்டத்துக்கே சில பேரு. செல்போன் டவர் விவரம் வர நாளாகும். நான் என்னய்யா பண்றது?"

இதற்குப் பின்னால் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அது. வெள்ளைக்காரனே தன் போலீஸை நம்பாமல் எழுதிவைத்தான். ஆனால் 27-ஆவது பிரிவில் ஒரு விலக்கு. அந்த ஆள் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைப் பொறுத்த அளவுக்கு அவன் பேச்சு செல்லும். கிணற்றடியில் புதைத்தேன் என்று சொல்லி அங்கே தோண்டி நகை கிடைத்தால் போதும். 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் புதுச் சாட்சியச் சட்டம் வந்துவிட்டது. இரண்டையும் 23-ஆவது பிரிவில் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். சந்து அப்படியே இருக்கிறது.

ஆக, ஆளைப் பேசவைக்க வேண்டும். சீக்கிரம் பேசவைக்க வேண்டும். திருடியவன் அடிக்குப் பயந்து சொல்லிவிடுவான், சரி. திருடாதவன் என்ன சொல்வான்? அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் சொல்லாதவனைப் பார்த்தால் போலீஸுக்கு அழுத்தக்காரன் என்று தோன்றும். இன்னும் இரண்டு விழும்.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. குற்றவாளியைத்தானே அடிக்கிறார்கள் என்கிறீர்கள். குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கத்தான் அடிக்கிறார்கள். அடி முதலில், முடிவு பிறகு. சரியான ஆளுக்கு மட்டும் விழுகிற அடி என்று ஒன்றைத் தனியாக ஆர்டர் கொடுத்து வாங்க முடியாது.

ஜூன் 18

கேக் வெட்டிய பையன்கள் வீடியோவிலேயே இருக்கிறார்களே, அங்கே என்ன சந்தேகம் என்று உடனே பதில் வந்திருக்கிறது. நல்ல கேள்வி. சந்தேகமே இல்லாதபோது அடிக்க வேண்டிய அவசியம்தான் என்ன? வீடியோவே சாட்சி. வழக்குப் போட்டு ரிமாண்ட் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே. அங்கே அடித்தது போட்டோவுக்காக. 2019-இல் சென்னையில் பேருந்துக்குள் கத்தியோடு மோதிக்கொண்ட கல்லூரி மாணவர்களும் பிடிபட்டதும் இதே மாதிரி வழுக்கித்தான் விழுந்தார்கள். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. அதற்குப் பிறகும் சென்னையில் ரூட்டு தல சண்டை, அதாவது பேருந்து வழித்தடத்துக்கு யார் தலைவன் என்கிற மாணவர் சண்டை, வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் தெருவில் சத்தம் இல்லை என்றால் சந்தோஷம். பக்கத்துத் தெருவில் விசாரியுங்கள்.

ஜூன் 19

கொஞ்சம் பழைய கதை. சிவகாசிப் பக்கத்திலிருந்து எழுதுகிற நண்பர், "இதெல்லாம் சினிமா வந்தபிறகு வந்தது" என்கிறார். இல்லை ஐயா. 1854-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில், சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேரைக் கமிஷனாகப் போட்டார்கள். 1855-இல் அறிக்கை வந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் நேரிலும் கடிதத்திலும் புகார் கொடுத்திருந்தார்கள். கட்டைகளுக்கு நடுவே கையை வைத்து நசுக்குகிற கிட்டி, ஆளைக் குனியவைத்துத் தலையைக் காலோடு கட்டிவிடுகிற அண்ணாந்தாள், வெயிலில் நிறுத்தி முதுகில் கல் ஏற்றுவது, எல்லாம் தமிழ்ப் பேரோடேயே அந்த ஆங்கில அறிக்கையில் இருக்கின்றன. கார்ல் மார்க்ஸ் 1857-இல் அதைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார்.

நான் இதில் கவனித்தது ஒன்றுதான். அப்போது தாசில்தார் ஆட்களே வரி வசூலும் பார்த்தார்கள், போலீஸ் வேலையும் பார்த்தார்கள். பாக்கி வசூலாக வேண்டும், எப்படி என்று மேலே இருக்கிற துரை கேட்க மாட்டார். ரெக்கவரி என்னாச்சு என்பதுதான் அன்றைக்கும். அதற்குப் பிறகு போலீஸைத் தனியாகப் பிரித்தார்கள், சட்டம் எழுதினார்கள். துரை கேட்காமல் இருப்பது மட்டும் மாறவில்லை.

ஜூன் 22

ஹைதராபாத்தை இழுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், இழுத்துவிட்டார்கள். 2019 டிசம்பர் 6. கால்நடை மருத்துவரான ஒரு பெண்ணை வன்கொடுமை செய்து கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைச் சட்டான்பள்ளிக்குப் பக்கத்தில் விடியற்காலையில் சுட்டார்கள். ஜனங்கள் போலீஸ் மீது பூத் தூவினார்கள். என் வீட்டிலும் அன்று காலை டிவி பார்த்துக் கை தட்டினார்கள். எனக்கும் அந்தப் பெண்ணை நினைத்தால் வயிறு எரிந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியானது. கொல்ல வேண்டும் என்று தெரிந்தே சுட்டிருக்கிறார்கள் என்றது. சுடப்பட்டவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது ஆகாதவர்கள் என்றது. பத்துப் போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. பூத் தூவியவர்கள் யாரும் பூவைப் பொறுக்க வரவில்லை. ஆனால் எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. அந்த நாலு பேரும்தானா, வேறு யாராவது உண்டா என்று இனி எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. அந்தப் பெண்ணின் வழக்கே அன்றோடு செத்துப்போயிற்று.

இன்னொரு தேதியும் சொல்கிறேன். 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காடு. செம்மரம் வெட்டப் போன 20 பேரை ஆந்திர சிறப்புப் படை சுட்டது. எல்லாரும் நம்ம ஆட்கள், திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்துக் கூலிகள். அன்று இங்கே கொதித்தோம். நியாயமான கொதிப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால், 2012 பிப்ரவரியில், வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லி ஐந்து பேரைச் சுட்டபோது அவ்வளவு கொதிக்கவில்லை. அவர்கள் வடக்கத்தி ஆட்கள். ஆந்திராக்காரனுக்குச் செம்மரக் கூலி எப்படியோ, நமக்கு அவர்கள் அப்படி.

வீரப்பன் விஷயமும் அப்படித்தான். 2004 அக்டோபரில் கதை முடிந்ததும் அதிரடிப் படையினருக்குப் பதவி உயர்வு, வீட்டுமனை, ஆளுக்கு 3 லட்சம். அதே வேட்டையில் மலைக்கிராமத்து ஜனங்கள் பட்ட சித்திரவதைக்காக 89 பேருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி மனித உரிமை ஆணையம் 2007-இல் சொன்னது. முதலாவது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டாவது தருமபுரி, ஈரோடு மலைப்பக்கம் போனால்தான் கேட்கும். என்கவுன்ட்டர் முடிந்த கையோடு பரிசும் பதவி உயர்வும் கொடுக்காதே, முதலில் விசாரி என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் வழிமுறை போட்டிருக்கிறது.

ஜூன் 24

"உன் பெண்ணுக்கு நடந்தால் இப்படிப் பேசுவாயா?" என்று கேட்டவருக்கு: மாட்டேன். அரிவாளைத்தான் தேடுவேன். அதனால்தான் என் கையில் தீர்ப்பைக் கொடுக்கக் கூடாது. போலீஸ்காரருக்கு அது அவர் பெண் இல்லை. அவருக்கு மாதச் சம்பளம்.

ஜூன் 29

மடப்புரம் செய்தியைப் பார்த்தீர்களா?

ஜூன் 29, இரவு

திருப்புவனம் பக்கத்தில் பத்ரகாளியம்மன் கோயில். நான் குடும்பத்தோடு போயிருக்கிற கோயில். அங்கே காவலாளி வேலை பார்த்த இளைஞர். சாமி கும்பிட வந்த ஒருவர் காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று புகார். நேற்று முன்தினம் பிடித்துக்கொண்டு போனார்கள். நேற்று இறந்துவிட்டார். இப்போதைக்கு இவ்வளவுதான் தெரியும். வலிப்பு வந்தது என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. வழுக்கி விழுந்தார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஜூலை 2

இப்போது நிறைய வெளியே வந்துவிட்டது. கோயிலுக்குப் பின்னால் வைத்து அடிப்பதை ஒருவர் ஒளிந்திருந்து எடுத்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் முழுசாகப் பார்க்கவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மாவட்ட நீதிபதியை விசாரிக்கச் சொல்லியிருக்கிறது. உடம்பில் 44 காயம். ஐந்து போலீஸ்காரர்கள் கைது, வழக்கு சி.பி.ஐ.க்கு. முதலமைச்சர் அந்தக் குடும்பத்துக்குப் போன் செய்து சாரி சொன்னார், எதிர்க்கட்சிகள் அந்தச் சாரியைப் பிடித்துக்கொண்டன. 2020-இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் அடிக்குப் பிறகு இறந்தபோது இதே வசனங்களை இடம் மாற்றிப் பேசினார்கள். ஆட்சி மாறினால் வசனம் கை மாறும்.

திருட்டுப் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போடும் முன்பே தனிப்படை வந்திருக்கிறது. 17-ஆம் தேதி நான் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். நகை, மேலிருந்து அழுத்தம், ரெக்கவரி, சொல்வதற்கு ஒன்றும் இல்லாத ஆள். நான் ஜோசியம் பார்க்கவில்லை. எந்த வருஷம் வேண்டுமானாலும் எழுதலாம், பொருந்தும்.

கேள்வி கேட்டவர், "அது வேறு, இது வேறு. இவர் அப்பாவி" என்று எழுதியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் 27-ஆம் தேதி சாயங்காலம் அவர் போட்டோ கையில் மாவுக்கட்டோடு, "கோயில் நகைத் திருடன் சிக்கினான்" என்று உங்கள் குரூப்புக்கு வந்திருந்தால் என்ன போட்டிருப்பீர்கள்? கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு எமோஜி மூன்று. அவர் இறந்ததால்தான் அப்பாவி என்று உங்களுக்குத் தெரிந்தது. பிழைத்திருந்தால் மாவுக்கட்டு ஜோக்.

ஜூலை 2, பின்னிரவு

கடுமையாக எழுதிவிட்டாய் என்று மகன் சொல்கிறான். இருக்கட்டும், அழிக்கப்போவதில்லை.

ஜூலை 4

சாத்தான்குளத்தைப் பற்றி மருத்துவமனைக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவும் மகனும், செல்போன் கடை, ஊரடங்கு நேரம். 2020 ஜூன் 19 ராத்திரி ஸ்டேஷனில் அடி. மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், ரத்தத்தில் நனைந்த லுங்கியை மாற்றி மாற்றிக் கட்டிவிட்டு, ரிமாண்டுக்குத் தகுதியானவர்கள் என்று சான்றிதழ் வாங்கி, மாஜிஸ்ட்ரேட்டிடம் காட்டி, கோவில்பட்டி கிளைச் சிறையில் போட்டார்கள். 22 ராத்திரி மகன் இறந்தார், 23 விடியற்காலை அப்பா.

டாக்டர், மாஜிஸ்ட்ரேட், சிறை என்று மூன்று கதவு தாண்டியிருக்கிறார்கள். ஒரு கதவில் ஒருவர் டீ வாங்கி வரச் சொல்லியிருந்தால் போதும்.

இதில் நினைக்க வேண்டியது அந்தப் பெண் தலைமைக் காவலர். அன்றிரவு டியூட்டியில் இருந்தவர். விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட்டிடம், சக போலீஸ்காரர்கள் சுற்றி நின்று மிரட்டிக்கொண்டிருக்க, பார்த்ததைச் சொன்னார். ஸ்டேஷன் கேமரா பதிவு அன்றன்றே அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ராத்திரிக்குச் சாட்சியே இல்லை. மொத்தப் போலீஸையும் திட்டித் தீர்க்கிறவர்கள் அவரும் போலீஸ்தான் என்பதை மறந்துவிடுகிறீர்கள். இதை எழுதுகிற 2025 ஜூலையில் விசாரணை மதுரையில் இன்னும் ஓடுகிறது. ஐந்து வருஷம்.

ஜூலை 6

கேள்வி கேட்டவரின் ஒரு பேச்சில் நியாயம் உண்டு, அதை நான் இதுவரை தொடவில்லை. கோர்ட்டு மெதுவாக நடக்கிறது. ரொம்ப மெதுவாக. பக்கத்து வீட்டுக்காரரின் வரப்புத் தகராறு அவர் மகன் காலத்தில் முடிந்தது.

ஆனால் அந்த மெதுவால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். வாச்சாத்தி. தருமபுரி மாவட்டத்து மலையடிவார ஊர், பழங்குடிகள். 1992 ஜூன் 20-இல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை சேர்ந்து ஊருக்குள் புகுந்தது. வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றைக்கூட விடவில்லை. 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். அவ்வளவு பெரிய அதிகாரிகள் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்றுதான் அரசுத் தரப்பு பேசியது. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீடு. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29. முப்பத்தோரு வருஷம்.

கத்தி பிடித்த பையனுக்குக் கோர்ட்டு மெதுவாக நடக்கிறது என்று ஒரே ராத்திரியில் மாவுக்கட்டு போடுகிறார்கள். போட்டவர் மேல் வழக்கு வந்தால் அவருக்கு அதே மெதுவான கோர்ட்டு, வக்கீல், வாய்தா, பென்ஷன். கோர்ட்டை வேகமாக்கு என்று யாரும் ஊர்வலம் போவதில்லை. ஏனென்றால் மாவுக்கட்டு மலிவு. ஒரு ரோல் பிளாஸ்டருக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 7

யாரோ ஒருவர் மாவுக்கட்டு எத்தனை வாரம் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தம்பி, இது அதற்கான விவாத இழை இல்லை. ஆனாலும் சொல்கிறேன், கைக்குப் பொதுவாக ஆறு வாரம், டாக்டர் சொல்கிறபடி. உள்ளே அரிக்கிறது என்று ஸ்கேல் விட்டுச் சொறியாதீர்கள், புண்ணாகிவிடும். விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஜூலை 10

தனிச் செய்தியில் ஒரு அம்மா கேட்டதை, அவர் யாரென்று சொல்லாமல் பொதுவில் எழுதுகிறேன். மகனை விசாரணைக்கு என்று கூட்டிப்போயிருக்கிறார்கள், என்ன செய்வது என்று.

உடனே ஸ்டேஷனுக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள். எந்த வழக்கு, யார் கைது செய்தது, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கைது என்றால் அதைக் குடும்பத்துக்குச் சொல்லியாக வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். 15100-க்கு போன் செய்தால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

மருத்துவமனைக்குக் கூட்டிவந்தால் நீங்களும் வாசலில் நில்லுங்கள். கைதானவரை டாக்டர் பரிசோதித்து எழுதுகிற அறிக்கையின் நகலை அவருக்கோ அவர் சொல்கிற ஆளுக்கோ கொடுக்க வேண்டும் என்று புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 53-ஆவது பிரிவில் இருக்கிறது. கேளுங்கள். இல்லை என்றால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். மாஜிஸ்ட்ரேட் "அடித்தார்களா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லச் சொல்லி மகனிடம் எப்படியாவது சொல்லிவிடுங்கள், பக்கத்தில் போலீஸ் நின்றாலும். கேட்காவிட்டாலும் சொல்லச் சொல்லுங்கள்.

ஜூலை 11

பையன் வீட்டுக்கு வந்துவிட்டானாம். கன்னத்தில் வீக்கம், வேறு ஒன்றும் இல்லை என்கிறார். எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.